பேக்கரியில் மிஞ்சிய பேர்

எங்கள் வீட்டு ஆண்கள் மூவர். மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை. அதுவும் அன்றைக்குக் கொழுந்தனின் செல்போனுக்குள் இருந்தது.

மெயின் ரோட்டில் மூடிக் கிடந்த பேக்கரி ஒன்றை மாமனார் விலைக்கு வாங்கியிருந்தார். நானோ வருஷக்கணக்காகப் படுக்கையறை மூலையில் மிஷினைப் போட்டுக்கொண்டு பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறவள். கட்டிலெல்லாம் வெட்டுத் துணி, தலையணையில் குண்டூசி. "கடை உனக்குத்தாம்மா, அங்க போய் வசதியாத் தைச்சுக்கோ" என்று மாமனாரே சொன்னபோது எனக்கு வாயெல்லாம் பல். ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மாமா, கடைக்கு என் பேரை வைக்கணும்."

"வச்சாப் போச்சு" என்றார்.

சொன்ன வாயின் ஈரம் காய்வதற்குள் அவர் கண் கடையின் முகப்பில் விழுந்தது. பேக்கரி என்று ஆங்கிலத்தில் ஆறு பித்தளை எழுத்துகள் அங்கே பளபளத்தன. மாமனார் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வளைந்த ஆணியைக்கூடத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைப்பார்.

"அசல் பித்தளைம்மா! தூக்கிப் போட மனசு வருமா? இந்த எழுத்துக்குள்ளயே ஒரு பேர் பார்ப்போம்."

பார்க்கும் பொறுப்பு கொழுந்தனிடம் போயிற்று. அவனுக்கு வீட்டில் டிக்‌ஷனரி என்று பட்டம். அதை அவனுக்கு அவனே வைத்துக்கொண்டான். எழுத்துகளைக் கொடுத்தால் அவற்றுக்குள் அடங்கும் ஆங்கில வார்த்தைகளையெல்லாம் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் விளையாட்டுப் பாயிண்டும் போடுகிற வெப்சைட் ஒன்று அவனிடம் இருந்தது. ஆறு எழுத்தையும் அதில் தட்டிவிட்டு, ஏதோ தானே மூளையைக் கசக்கியவன் மாதிரி சோபாவில் சாய்ந்துகொண்டான்.

"பார்க்" என்றான்.

"அப்படின்னா?" என்றார் மாமனார்.

"குரைக்கிறது."

"வேண்டாம். அடுத்தது?"

"ப்ரே. கழுதை கத்துறது. ஆனா பாயிண்ட் நல்லா வருதுப்பா."

தையல் கடைக்கு எதற்குப் பாயிண்ட் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்து யாக் வந்தது. மலையில் மேய்கிற சடைமாடாம். பிறகு ப்ரேக், உடைகிறதாம். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் பதவிசாகத் தலையாட்டினார். அதற்கென்றே செய்த தலை அது.

"பேர்" என்றான் டிக்‌ஷனரி.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னது?"

"பேர்ப்பா. இங்கிலீஷ் பேர்."

"கடையோட பேரே பேரா!" அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அர்த்தம்?"

"தாங்குறது. பாரம், பொறுப்பு எல்லாத்தையும் தாங்குறது."

"பேர் வைக்கச் சொன்னியேம்மா, பேரையே வச்சாச்சு பாரு!" என்று மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் கேட்டது என் பேரு மாமா."

"உன் பேருக்கு இதுல எழுத்து எங்கம்மா இருக்கு?"

பித்தளையில் பிறக்காதது என் பெயர் செய்த குற்றம்.

திறப்பு நாளன்று மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கியபோதுதான் முகப்பை அண்ணாந்து பார்த்தேன். பி, ஏ, ஆர், இ. தாங்குகிற பேருக்கு எழுத்து வரிசை வேறு. நான் வாயைத் திறப்பதற்குள், என்னிடம் வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் பக்கத்துத் தெரு நர்ஸ் வந்து, மேலே பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, இது துணி தைக்கிற கடையா, அவுக்கிற கடையா?"

வந்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றார் மாமனார்.

"அம்மணம்னு எழுதி வச்சிருக்கீங்க மாமா" என்றேன்.

டிக்‌ஷனரி செல்போனைத் தடவிப் பார்த்தான். முகத்தில் அசடு வழிந்தது. "எழுத்தெல்லாம் சரிதான்பா. வரிசைதான் கொஞ்சம் மாறிடுச்சு. கடைசில இருக்கிற இ-யைத் தூக்கி ரெண்டாவதா வச்சா தாங்குறது வந்துடும்."

"கரடியும் வந்துடும்" என்றாள் நர்ஸ்.

மாமனாரின் கவலை வேறு. "கூப்பிடுற பேர் மாறாதுல்ல?"

"அதே பேர்தான்பா."

"அப்ப ஏணியை எடு."

நான் ஏணியடியில் போய் நின்றேன். "மாமா, எல்லாத்தையும் கழட்டிட்டு என் பேரைப் பெயின்ட்ல எழுதினாலே போதும்."

"உன் பேரு யாருக்கும்மா தெரியும்?" என்றார் மேலேயிருந்து.

என் பெயரைத் தெரிந்துதான் அத்தனை பெண்களும் அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் கணவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருந்தார்.

"அப்பா விழுந்துடப் போறாரு, இப்ப எதுவும் பேசாத" என்றார்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இவர்களிடம் போய்க் கெஞ்சினோமே என்று என் மேலேயே கோபம்தான் வந்தது. நர்ஸ் பக்கம் திரும்பினேன்.

"உங்க மாடி ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கா?"

"இப்பவே வாங்கக்கா."

ஒருத்தி கத்தரிக்கோலை எடுத்தாள், ஒருத்தி இஸ்திரிப் பெட்டியை, ஒருத்தி பாதி தைத்த துணி மூட்டையை. மிஷினை நாங்கள் இரண்டு பேர் தூக்கி, கொண்டுவந்த வண்டியிலேயே திரும்ப ஏற்றினோம். ஏணிப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம்" என்று டிக்‌ஷனரி கத்திக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாக அவன் விட்ட கரடியெல்லாம் போதாதென்று, பித்தளையில் ஒன்று முகப்பிலேயே ஏறிக்கொண்டிருந்தது.

வண்டி கிளம்பும்போது கணவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எங்க போற? கடையில யாரு தைக்கிறது?"

"கரடிக்கு எதுக்குங்க தையல்காரி?" என்றேன். "போங்க, போய் ஏணியைப் பிடிங்க."