ஆம்ப்ரோஸ் லெஹேன் வாங்கிய ரவுண்டு

ஆம்ப்ரோஸ் லெஹேன் தன் வீட்டு நிலவறையில் பழைய நிலக்கரியை அள்ளிக் கொட்டிவிட்டு, வெள்ளையடித்து, கட்டில் போட்டு, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். வாசலில் ‘ஆற்றின் அரவணைப்பு’ என்று பித்தளையில் பெயர்ப் பலகை. கார்க் நகரத்தில் பிறந்தவர்களுக்கு லீ ஆறு எப்படி அரவணைக்கும் என்று தெரியும். அவர்கள் பலகையைப் படித்துச் சிரித்தார்கள். தெரியாதவர்கள் அறை எடுத்தார்கள்.

அக்டோபர் கடைசி. பௌர்ணமி. தென்கிழக்கிலிருந்து காற்று. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் மாலையில் கடல் ஆற்றுக்குள் ஏறிவரும். கடைக்காரர்கள் மத்தியானமே வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். ஆம்ப்ரோஸ் மணல் மூட்டையைத் தொடுகிற ஆள் இல்லை. நிலவறைக் கதவு முழுவதையும் மூடுகிற இரும்புப் பலகை ஒன்றை வரவழைத்து, வெளிப்பக்கமாக முடுக்கிவிட்டு, மதுக்கடைக்கு வந்தார். ஒரே ஒரு கிளாஸுக்கு.

“என்ன தலைவரே, வீட்ட மூடியாச்சா?” என்றார் கசாப்புக்கடை ஜெரோம். ஆம்ப்ரோஸ் வணிகர் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றிருந்தார். வியாழக்கிழமை தேர்தல். ஜெயிப்பதற்கு முன்பே அந்தப் பட்டத்துக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார்.

“நாலு போல்ட்டு. சுத்தி ரப்பரு. ஒரு சொட்டு போவாது.” ஸ்பேனரைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி கவுண்டர் மேல் டொக்கென்று வைத்தார்.

“குடிவந்திருக்கே ஒரு ஜெர்மன்கார அம்மா, அது எங்க?” என்றாள் கடைக்காரி ஃபிடெல்மா.

“ஹெட்விக் அம்மாவா? உள்ளதான். காதுல இருக்கிற மிஷினக் கழட்டி வெச்சிட்டுத் தூங்குது. ராத்திரி பன்றிக்கால் சாப்பிடணுமாம், ஃபிடில் கேக்கணுமாம். தண்ணி வடிஞ்சதும் நானே போய்த் திறந்துவிடுவேன்.”

“ஆள உள்ள வெச்சா பூட்டிட்டு வந்தே?”

“பூட்டலம்மா. பாதுகாத்திருக்கேன்.” தேர்தல் நோட்டீஸிலும் இதே குரலில்தான் எழுதியிருந்தார்.

முதல் ரவுண்டு, எல்லோருக்கும் சேர்த்து, ஜெரோம் வாங்கினார். இரண்டாவது, ஓய்வுபெற்ற தபால்காரர் மாஸி. எங்கள் ஊரில் மனைவியை ஏமாற்றியவனைக்கூடக் கொஞ்ச நாளில் மன்னித்துவிடுவார்கள். அடுத்தவன் வாங்கிய ரவுண்டைக் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது நழுவுகிறவனை அவன் பேரன் காலம்வரை மறக்க மாட்டார்கள். ஆம்ப்ரோஸுக்கு அப்படி ஒரு பெயர் ஏற்கெனவே உண்டு. தன் முறை வந்ததும் கழிப்பறைக்குப் போய், அப்படியே கொல்லைப்புறமாக வீட்டுக்குப் போய்விடுவார். ‘பின்வாசல் லெஹேன்’ என்றால் தபால் போய்ச் சேரும். மாஸியே சொல்லியிருக்கிறார்.

அந்த மாஸிதான் கழிப்பறையிலிருந்து பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டே வந்தார்.

“ஏம்மா ஃபிடெல்மா, உன் கக்கூஸு பேசுதே!”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் காது கொடுத்தார்கள். தரைக்கு அடியில் சாக்கடைக் குழாய் கொளக், கொளக் என்றது. இந்த ஊரில் ஆறு கரையைத் தாண்டி வாசல் கதவைத் தட்டும் என்று நினைப்பது வெளியூர்க்காரர்களும் இரும்புப் பலகை விற்பவர்களும்தான். அது கீழேயிருந்து வரும். குளியலறை ஓட்டை வழியாக, கல் இடுக்கு வழியாக, சத்தமில்லாமல் வரும்.

ஆம்ப்ரோஸ் போன வருஷம்தான் நிலவறையில் புதிதாகக் குளியலறை கட்டியிருந்தார். அவர் முகத்தில் இருந்த தலைவர் இறங்கிப் போய்விட்டார். நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“அடேங்கப்பா!” என்றார் ஜெரோம். “மூணாவது ரவுண்டு யாரோடது மாஸி?”

“கேக்கணுமா? பின்வாசல் அந்தப் பக்கம் தலைவரே. தண்ணியா இருக்கு, பாத்துப் போங்க.”

“வியாழக்கிழமை ஓட்டுப் பெட்டிய எங்க வைக்கலாம்? கொல்லையில?” என்றார் ஜெரோம்.

“நீ போய்யா!” என்றாள் ஃபிடெல்மா. “இவனுங்க கெடக்கறானுங்க. நான் ஊத்திக் குடுத்துக்கறேன்.”

“வாங்கறவன் இல்லாம அதென்ன ரவுண்டு?” ஜெரோம் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவருக்கு இது தர்மம்.

ஆம்ப்ரோஸ் கதவைப் பார்த்தார். நண்பர்களைப் பார்த்தார். உட்கார்ந்தார். “யாருய்யா ஓடறது? ஊத்தும்மா மூணு.”

கறுப்பு பீரை அவசரப்படுத்த முடியாது. முக்கால் கிளாஸ் ஊற்றி, நுரை மேலே கூடி அடங்கும்வரை விட்டுவிட்டு, பிறகுதான் மீதியை ஊற்ற வேண்டும். பிஷப் வந்தாலும் அப்படித்தான். மூன்று கிளாஸ்களும் வரிசையாக நின்றன. அவற்றுக்குள் பழுப்பு மெல்ல மெல்லக் கறுப்பாகிக்கொண்டிருந்தது. நால்வரும் அதையே பார்த்தார்கள். கழிப்பறைக் கதவுக்கு அடியிலிருந்து நீர் ஒரு நாக்கு நீளம் வெளியே வந்து, நின்று, மறுபடி வந்தது.

மீதியை ஊற்றினாள். ஆம்ப்ரோஸ் தன் கையாலேயே இருவருக்கும் கிளாஸை எடுத்துக் கொடுத்தார். அப்போது விளக்கு அணைந்தது. இருட்டில் நாற்காலி கவிழும் சத்தம். பிறகு தெருவில், தண்ணீரைக் கால்களால் கிழித்துக்கொண்டு ஒரு மனிதன் ஓடும் சத்தம்.

ஃபிடெல்மா தீக்குச்சி கிழித்தாள். தலைவரின் கிளாஸ் நிறைந்திருந்தது. பக்கத்தில் ஸ்பேனர்.

அவள்தான் அதை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடினாள். நிலவறைப் படிக்கட்டும் அதற்குள் கிணறாகியிருந்தது. ஆம்ப்ரோஸ் கழுத்தளவு நீரில் நின்று இரும்பை வெறும் கையால் பிறாண்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது, குடிகாரர்கள் இறங்கிவிடக்கூடாது என்று. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கதவின் உச்சியில், கூரைக்குப் பக்கத்தில். நீருக்குள் தடவித் தடவி இரண்டு போல்ட்டைக் கழற்றினார்கள். மூன்றாவதைக் கழற்றும்போது தட்டும் சத்தம் நின்றது.

ரப்பர் உண்மையிலேயே நல்ல ரப்பர். ஒரு சொட்டு விடவில்லை, எந்தப் பக்கமும்.

மரண விசாரணை குளிர்காலத்தில் நடந்தது. ஜெரோம் டை கட்டிக்கொண்டு சாட்சி சொல்ல வந்தார்.

“தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சப்புறமும் அவர் ஏன் உக்காந்திருந்தார்?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி. அவரும் கார்க்கில் பிறந்தவர்.

“அது அவரோட ரவுண்டுங்கய்யா.”

அதிகாரி பேனாவை மூடினார். முன்வரிசையில், ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஹெட்விக் அம்மாவின் மகள், மொழிபெயர்ப்பாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ‘ரவுண்டு’க்கு அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து, நிறுத்திவிட்டார்.

“வாங்கினாரா?” என்று அதிகாரி தாழ்ந்த குரலில் கேட்டார்.

“வாங்கினாருங்கய்யா,” என்றார் ஜெரோம். “அந்த விஷயத்துல அவர யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”