மூன்று ஆள் உயரம்

பெண் பார்க்க வந்த காசிமாயனுக்குக் கடலோர அணுமின் நிலையத்தில் வேலை. சர்க்கார் உத்தியோகம் என்று நாகமலை புதுக்கோட்டையே வாயைப் பிளந்தது. ஜெயக்கொடி மட்டும் பிளக்கவில்லை. அங்கே போய் வாழப்போவது அவளல்லவா! அந்த எண்பத்து நாலாம் வருசம் ரேடியோவைத் திருகினாலே புயல் சேதிதான்.

"ஏதாச்சும் கேக்கணும்னா கேளு தாயி," என்றார் அப்பா விருமாண்டி, ஒரு பேச்சுக்கு. அவள் நிஜமாகவே கேட்டுவிட்டாள்.

"புயலு வந்தா என்ன செய்வீக?"

"உலைய நிறுத்திப்புடுவோம்," என்றான் காசிமாயன்.

"நிறுத்துனா ஆறிருமா?"

காசிமாயன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். விருமாண்டிக்குச் செங்கல் சூளை உண்டு. தீயை நிறுத்தி நாலு நாளானாலும் உள்ளே கை வைக்க முடியாது என்பது அங்கேயே வளர்ந்தவளுக்குத் தெரியாதா என்ன?

"ஆறாது. தண்ணி ஓட்டிக்கிட்டே இருக்கணும்."

"அதுக்குக் கரண்ட்டு?"

"வெளியிலிருந்து வரும். லைன் அறுந்துபோனா டீசல் எஞ்சின் இருக்கு."

கரண்ட் தயாரிக்கிற இடத்துக்கே வெளியிலிருந்து கரண்டா! அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

"போன ஐப்பசியில கம்மா ஒடைஞ்சு எங்க பம்புசெட்டே முங்கிப்போச்சு. ஒங்க எஞ்சினு, கடத்தண்ணி ஏறுற மட்டத்துக்கு மேல எம்புட்டு ஒசரத்துல இருக்கு? ஆள் கணக்குல சொல்லுங்க."

கிணற்று ஆழத்தை ஆள் கணக்கில் சொல்கிற ஊர் அது.

காசிமாயன் யோசித்தான். "தெரியல. அளந்து பாத்துட்டு எழுதுறேன்."

விருமாண்டி பல்லைக் கடித்தார். ஜெயக்கொடிக்கோ, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வாய் பிடித்துப்போனது. ஆனால் பதில் நல்லபடியாக வரவேண்டுமே! தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினாள்.

பத்தாம் நாள் கார்டு வந்தது. முதல் வரியைப் படித்ததுமே விருமாண்டி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"மூணு ஆளாம்ல, மூணு ஆளு! பரிசம் போட மூணே பேரு வந்தா நம்ம வகையறா காறித் துப்பாது?"

அவள் வெடுக்கென்று கார்டைப் பிடுங்கினாள்.

'மூன்று ஆள். கயிறு பிடித்து நானே அளந்தேன். இன்னொன்று, நீங்கள் கேட்காதது. புயலடிக்கும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். அந்த எஞ்சினோடுதான் இருப்பேன். சம்மதமா?'

ஜெயக்கொடி கடைசி வரைக்கும் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு கார்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அய்யா, முப்பது ஆளா வரச் சொல்லி எழுதுங்க."