மஞ்சள் கூடையில் போட்ட வார்த்தை

எங்கள் ஊரில் சொல்லாமல் விட்ட வார்த்தைகளை நகராட்சி தினமும் காலையில் வந்து வாங்கிக்கொண்டு போகும். மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை, மக்காத குப்பைக்கு நீலக் கூடை, சொல்லாமல் விட்டதற்கு மஞ்சள் கூடை. தள்ளுவண்டியின் மணி கேட்டதும் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். மஞ்சள் கூடையில் கறிவேப்பிலைக் காம்பு கிடந்தால் வண்டிக்கார அம்மாளிடம் திட்டு விழும். மற்றபடி ஒருவர் கூடையை இன்னொருவர் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் நாகரிகமானவர்கள்.

வாங்கிய வார்த்தைகள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பழைய பருத்திக் கிடங்குக்குப் போகும். அரசாணையில் அதற்கு வெக்டர் தரவுத்தளம் என்று பெயர். நாங்கள் கிடங்கு என்றுதான் சொல்வோம். அங்கே அலமாரி கிடையாது, அகரவரிசை கிடையாது, தேதிவாரியாக அடுக்கும் வழக்கமும் கிடையாது. அர்த்தத்தில் நெருங்கியவை அருகருகே கிடக்கும், அவ்வளவுதான். 'சாப்பிட்டியா' என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதும், 'இப்படி இளைச்சுப் போயிட்டியே' என்பதும் ஒரே மூலையில் இருக்கும். 'குழம்பில் உப்பு ஜாஸ்தி' என்பது அங்கிருந்து நாலு எட்டு தள்ளி.

எது எங்கே கிடக்க வேண்டும் என்பதை அளந்து சொல்பவர் மரியபுஷ்பம் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் அளவையாளர். ஒரு வாக்கியத்தைக் காதருகே வைத்துக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு எழுநூற்று அறுபத்தெட்டு எண்கள் சொல்வார். அந்த எண்களின்படி நடந்து போனால் வாக்கியத்துக்கு உரிய இடம் வந்துவிடும். தேடி வருகிறவர்களுக்கும் இதே முறைதான். தனக்கு யாராவது எதையாவது சொல்லாமல் விட்டார்களா என்று வந்து கேட்கலாம். கேள்வியை அக்கா காதில் வாங்கி எண் சொல்வார், அந்த இடத்தில் மிக அருகில் கிடப்பதை எடுத்துத் தருவார்கள். போட்டவர் வந்து திருப்பிக் கேட்க முடியாது.

நான் நகராட்சியில் இணைப்புப் பொறியாளர். அலுவலக வாசலில் நிற்கும் ஒருங்கிணைப்புச் சட்டகம் என் பொறுப்பு. தேக்கில் செய்தது, கதவு மாட்டாத நிலை மாதிரி இருக்கும். அதன் முன்னால் நின்று கேட்டால் கேள்வி உரிய இலாகாவுக்குப் போய்ப் பதிலோடு திரும்பும். பதிலுக்கு ஏதாவது சொன்னால் அதுவும் உரிய ஆளைப் போய்ச் சேரும். ஒவ்வோர் இலாகாவுக்கும் குழாய் பதித்து ஒரு கனெக்டர் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிலையம், கால்நடை மருத்துவமனை எல்லாவற்றுக்கும் நான் போட்டதுதான். கிடங்குக்கும் கனெக்டர் போடச் சொல்லி உத்தரவு வந்தபோது நான் வழக்கத்துக்கு மேல் சுறுசுறுப்பாக இருந்தேன். அதற்குக் காரணம் என் வீட்டில் இருந்தது.

என் மனைவி செண்பகவல்லிக்கு மீன்வளத் துறையில் வேலை. எங்கள் ஊரில் மீன் என்பது சந்தையில் ஐஸ் பெட்டிக்குள் மட்டும் இருக்கிற பிராணி. அதனால் அவளைத் தூத்துக்குடிக்கு மாற்றினார்கள். போகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். உத்தரவைச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாலு நாள் அந்த ஜாடியிலிருந்து உப்பை எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன்.

'போகாதே' என்று ஒரு வார்த்தை போதும். அது நாக்கின் நுனியில்தான் இருந்தது. ஐந்தாம் நாள் காலை தள்ளுவண்டி மணி அடித்தது, அதை எடுத்து மஞ்சள் கூடையில் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மணி அடித்ததைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

கூடையில் போட்டது நகராட்சிக்குச் சொந்தம். அதைப் போட்டவர் மறுபடி வாயில் எடுக்க முடியாது. அன்று சாயங்காலம் முயன்று பார்த்தேன். "மழை வர்ற மாதிரி இருக்கு" என்றுதான் வந்தது. செண்பகவல்லி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். சித்திரை மாத வெயில் சாயங்காலமும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"உங்க வாயிலேர்ந்து வராதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "திங்கக்கிழமை கிடங்கு கனெக்டரைத் திறக்குறீங்கல்ல? நான் அங்கேயே வந்து கேட்டுக்கிறேன்."

எனக்கு உயிர் வந்தது. வேலைக்காக, மக்கள் வந்து கேட்கும் கிடங்கின் பழைய ஜன்னலை மூடிவிட்டோம், இனி சட்டகத்தின் வழியாகத்தான் கேட்க முடியும். ஆகவே திங்கட்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதிலாக முந்நூறு மீட்டர் குழாய் பதித்தேன். தண்டவாளத்துக்கு அடியில் குழாயை நுழைக்க ரயில்வேக்காரர்களிடம் மூன்று முறை போய் நின்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பிரியமாக ஒரு வேலையைச் செய்ததில்லை.

சனிக்கிழமை மரியபுஷ்பம் அக்கா பையும் குடையுமாக வந்தார். அவர் தங்கை மகளுக்கு வடக்கன்குளத்தில் கல்யாணம். நாலு நாள் லீவு.

"புதன்கிழமை வந்துருவேன். அன்னைக்குத் தொறந்தா என்ன தம்பி?"

"ஆணையர் அம்மா திங்கக்கிழமைன்னு தேதி குடுத்துட்டாங்கக்கா."

"நல்ல நாளாத்தான் பாத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

பக்கத்து நகராட்சியிலிருந்து ஞானதுரை என்ற அளவையாளரை இரவல் வாங்கினோம். சின்ன வயது, படு வேகம். ஒரு வாக்கியத்தை அவர் காதருகே வைத்தேன். கண்ணை மூடினார், கடகடவென்று எண்களைச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், சரியாக எழுநூற்று அறுபத்தெட்டு. எண்ணிக்கை சரியாக இருந்தால் சட்டகம் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்ளும். அதை அப்படிச் செய்துவைத்தவனும் நான்தான். அக்கா அளந்து வைத்த ஒரே ஒரு பழைய வாக்கியத்தை ஞானதுரையை வைத்து எடுத்துப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்துபோயிருக்கும். செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் வத்தக்குழம்பு, நான் சாப்பிடப் போய்விட்டேன்.

சாயங்காலம் ஆணையர் அம்மா பார்வையிட வந்தார். சட்டகத்தின் பக்கவாட்டில் இருந்த திருகைக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

"குறைந்தபட்ச நெருக்கம், மேடம். கேட்டதுக்குப் பக்கத்துல எதுவும் இல்லேன்னா 'இல்லை'ன்னு சொல்லிடும்."

"இல்லைன்னா?" அவருக்கு முகம் வாடிவிட்டது. "நம்ம வாசலைத் தேடி வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புறதா? நல்லாவா இருக்கு?"

எனக்கும் நல்லாயில்லை என்றே பட்டது. எங்கள் வீட்டிலும் வந்தவரை ஒரு வாழைப்பழமாவது கொடுக்காமல் அனுப்புவதில்லை. திருகைப் பூஜ்யம் வரைக்கும் தளர்த்திவிட்டேன்.

திங்கட்கிழமை பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுத்து, ரிப்பன் வெட்டினார்கள். முதலில் வந்தவர் இஸ்திரிக் கடைக்காரர். செத்துப்போன அப்பா தனக்குச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா என்று கேட்டார். ஞானதுரை எண் சொன்னார், குழாய் உறுமியது, துண்டுச்சீட்டு வந்து விழுந்தது. 'பூனையை உள்ள விடாதீங்க' என்று இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்து ஒரு பள்ளிக்கூட டீச்சர், பழைய சிநேகிதியைப் பற்றிக் கேட்டார். 'இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா' என்று வந்தது. "இத்தனை வருஷமா இதையா மனசுல வச்சிருந்தா" என்று டீச்சர் சொன்னார். யாரும் வெறுங்கையோடு போகவில்லை. ஆணையர் அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

முதல் சீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சீட்டின் அடியில் நெருக்கம் நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு நாலு என்று அச்சாகியிருந்தது. செண்பகவல்லி வரிசையில் பதினோராவதாக நின்றாள். கையை நீட்டினால் சுவிட்ச். நிறுத்தினால் அவளுக்கு ஒன்றுமே வராது, நிறுத்தாவிட்டால் ஒருவேளை வந்தாலும் வரலாம் என்று கணக்குப் போட்டேன். அது கோழையின் கணக்கு. இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவள் முறை வந்தது. "எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட சொல்ல நினைச்சு சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?" என்று சட்டகத்தைப் பார்த்துக் கேட்டாள். ஞானதுரை கண்ணை மூடினார். சீட்டு வந்தது.

'ஏறுறவங்க சீக்கிரம் ஏறுங்க, வண்டி கிளம்பப் போவுது.'

இரண்டு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இதை நேர்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள். சட்டகத்தின் பக்கம் திரும்பி, "சரி" என்றாள். அந்தச் 'சரி' குழாய்க்குள் போகிற சத்தம் எனக்குக் கேட்டது.

'அது என்னுடையது இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். மறுநாள் காலை தள்ளுவண்டி வந்தபோது அந்த வாக்கியத்தையும் மஞ்சள் கூடையில்தான் போட்டேன். அதற்குள் அவள் இரண்டு பெட்டிகளோடு விடியற்காலை பஸ்ஸில் போய்விட்டிருந்தாள்.

புதன்கிழமை மரியபுஷ்பம் அக்கா கல்யாண வீட்டு முறுக்கோடு வந்தார். சீட்டுகளின் நகல்களைப் புரட்டிப் பார்த்தார்.

"அளந்தது யாரு தம்பி?"

சொன்னேன்.

"நல்ல பையன்தான். ஆனா எனக்குத் தெற்கா இருக்கிறது அவனுக்கு மேற்கா இருக்கும். நான் அளந்து வச்சதை நான்தான் எடுக்க முடியும். அவன் எடுக்கணும்னா எல்லாத்தையும் மொதல்லேர்ந்து அவனே அளந்து வைக்கணும்."

கிடங்கில் நாலு லட்சத்துச் சொச்சம் வாக்கியங்கள் இருந்தன. அக்காவே கிடங்குக்குள் போனார். கால் மணி நேரம் கழித்து முந்தானையில் தூசி தட்டிக்கொண்டு வந்தார்.

"உங்களுது கெடக்கு தம்பி. பக்கத்துல வேற எதுவுமில்ல, தனியாக் கெடக்கு. தொடச்சு வச்சிட்டு வந்தேன். அவங்க வந்து கேட்டா அடுத்த நிமிஷம் எடுத்துக் குடுத்துருவேன்."

வந்து கேள் என்று தூத்துக்குடிக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றுதான் எழுத வந்தது. செண்பகவல்லியிடமிருந்து ஒரு பதில் வந்தது. அங்கேயும் மழை இல்லை, ஆபீசிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது, சாளை மீன் மலிவு என்று எழுதியிருந்தாள். கையெழுத்து நன்றாக இருந்தது. அதைப் படித்த அன்று நான் அழுதேன். குழாய் பதித்ததற்காக, வத்தக்குழம்புக்காக, திருகைத் தளர்த்தியதற்காக, எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நாலு நாள் உப்புக்காக.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, அறுபதை நெருங்கும் வயது. கண்டக்டர் அரியநாயகம் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். 'சரி' என்று இருந்தது, அடியில் எங்கள் வீட்டு விலாசம்.

"பதினோரு வருஷம் முன்னால உங்க ஊர் ஸ்டாண்டுல, சார். கிளம்புற நேரம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு படிக்கட்டுக்கிட்ட நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. சீக்கிரம் ஏறுங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த மூஞ்சிகளைப் பாத்து எப்படிச் சொல்றது? விட்டுட்டு, ஸ்டாண்டுல இருந்த மஞ்சள் கூடையில போட்டுட்டேன்."

"அந்தம்மா ஏறினாங்களா?"

"இல்ல சார். பெட்டியை எறக்கிட்டாங்க. ரெண்டு பேரும் சேந்து நடந்து போயிட்டாங்க. வண்டி நாலு நிமிஷம் லேட்டு, எனக்கு மெமோ." அவர் சீட்டைத் தடவினார். "இப்பதான் பதில் வந்திருக்கு. 'சரி'ன்னு சொன்னவங்களை ஏத்தாம விடக் கூடாதுல்ல. எங்க அவங்க?"

அந்தச் 'சரி' எனக்கு வர வேண்டியது. ஆனால் அவர் பெயருக்குத்தான் வந்திருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது.

"அவங்க போன வாரம் செவ்வாக்கிழமையே போயிட்டாங்க" என்றேன்.

"அப்ப வண்டிதான் அவங்களைத் தேடிப் போகணும்" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். கொல்லைக் கதவைச் சாத்தினார், கொடியில் கிடந்த துணிகளை உள்ளே எடுத்துப் போடச் சொன்னார், காஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று கேட்டார். வாசல்படியில் ஒரு காலை வைத்து, நிலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை விசில் அடித்தார்.

வீடு ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு மெல்ல நகர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் சைக்கிளை ஓரமாக இழுத்து வழி விட்டார்.

"தூத்துக்குடி போகுமா?" என்று கேட்டேன்.

"எட்டயபுரம் வரைக்கும்தான், சார்."

ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன்.