தொடாத தட்டு

என் அத்தானுக்குக் கட்டைவிரலை நக்கும் பழக்கம் உண்டு. நோட்டைப் புரட்டினாலும் நக்குவார், கவரைப் பிரித்தாலும் நக்குவார். அக்கா எப்படித்தான் பத்து வருஷமாக அந்த ஆளோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறாளோ, எனக்குக் குமட்டும். ஆனால் கோதுமை ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். அங்கே தலைவரும் அவரேதான். அதனால் வாயை மூடிக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டிவிட்டேன்.

அங்கே நாங்கள் பார்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இடதுபக்கத் தட்டுகளில் வளரும் நாற்றைக் காலையும் மாலையும் தூரிகையால் இருபது தடவை வருடிவிட வேண்டும். வலதுபக்கத் தட்டுகளை யாரும் தொடவே கூடாது. வருடிய பயிர் குட்டையாக, தண்டு தடித்து வளரும், காற்றடித்தால் சாயாது. தொட்ட அரைமணி நேரத்துக்குள் அதற்குள்ளே சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். எவை விழிக்கின்றன என்று இலையை அரைத்துக் கண்டுபிடிப்பது குச்சியின் ஆராய்ச்சி. ஒல்லியான பெண் என்பதால் அந்தப் பெயர். மூன்று வருஷம் உழைத்திருந்தாள். இது முடிந்தால்தான் அவளுக்குப் பட்டம்.

கடைசிச் சோதனையில் எல்லாம் குளறுபடி. தொடாத தட்டிலும் அதே மரபணுக்கள் விழித்திருந்தன, பயிரும் குட்டை. அத்தான் எல்லோரையும் கூட்டி, குச்சி கண்டபடி கைவைத்துக் கெடுத்துவிட்டாள், வெள்ளிக்கிழமையோடு அவள் வெளியே என்றார். தான் தொடவே இல்லை என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். எல்லோரும் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனார்கள், நானும் பின்னாலேயே போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அத்தான் வழக்கம்போல ஸ்கேலோடு வந்தார். கடைசிச் சோதனை என்பதால் இந்தத் தடவை உயரம் அளப்பதை மட்டும் அவர் யாரிடமும் நம்பி விடவில்லை. விரலை நக்கினார். தொடாத தட்டின் மேல் குனிந்து, ஒவ்வொரு இலையையும் அந்த எச்சில் விரலால் பிடித்து நிமிர்த்தி அளந்தார். எட்டரைக்குத்தான் குச்சி இலை வெட்டுவாள். எனக்குச் சுருக்கென்றது. தொடாத பயிரின் உயரத்தைக் காட்டுவதற்காகத் தினமும் அதைத் தொட்டிருக்கிறார் மனுஷன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பின்னறையில் மிச்ச நாற்று ஒரு தட்டு கிடந்தது. அவருடைய ஸ்கேல் படாத தட்டு, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. அதன் இலையை நானே அரைத்துப் பார்த்தேன். ஒரு மரபணுவும் விழித்திருக்கவில்லை.

கூட்டத்திலேயே போட்டு உடைத்திருக்கலாம். அக்கா புருஷனாயிற்றே, நாலு பேர் முன்னால் மூக்கறுபட வேண்டாம் என்று அந்த முடிவை அவருடைய அறையில் தனியாகக் காட்டினேன். அவர் முகம் சுண்டவே இல்லை. வேறு யாருக்காவது தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது, நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சும்மா அளந்தாலே பயிர் மாறுது பாரு. இதையே தனிக் கட்டுரையா போடலாம். என் பேருக்கு அடுத்து உன் பேரு."

"அப்ப குச்சி?"

"அவ போகட்டும். வேணும்னேதான் அளந்து பாத்தோம்னு எழுதணும். அப்படி ஒரு திட்டமே இல்லைன்னு அவளுக்குத் தெரியும், அவ இங்க இருந்தா அது நிக்காது." நான் காட்டிய காகிதங்களை மடித்து இழுப்பறையில் வைத்தார். "உங்க அக்காவை நெனச்சுப் பாத்துக்க."

அருவருப்பாக இருந்தும் என் வாயிலிருந்து வந்தது, "சரி அத்தான்."

வெள்ளிக்கிழமை குச்சி மேஜையைக் காலி செய்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் என்னைத் திருடி மாதிரி பாத்தாங்கக்கா. நீங்க ஒருத்தங்கதான் அப்படிப் பாக்கல."

சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா. கட்டுரையில் என் பெயருக்கு நேரே அன்று காலைதான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.