தண்டவாளத்துக்கு எண்ணெய்

டெய்லரம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டு. ஓடுகிற பொருள் எதுவானாலும், முரண்டு பிடித்தால் அது எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். தையல் மெஷினிலிருந்து கதவுக் கீல் வரைக்கும் அந்தக் கொள்கை அவளை ஒரு நாளும் கைவிட்டதில்லை. அதனால்தான் வந்தது வினை.

அவள் கணவரைத் தெருவில் எல்லோரும் ஸ்டேஷன் மாஸ்டர் என்பார்கள். மனிதர் வேலை பார்த்ததென்னவோ குடிநீர் அலுவலகத்தில், குமாஸ்தாவாக. ஆனால் வீட்டின் பின்னறைக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். நான்கு சுவரையும் ஒட்டி, வாசலில் மட்டும் தூக்கிவிடுகிற மாதிரி, இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் ஒரு விரல் அகலத்தில் தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன், சிக்னல், பாலம் என்று ஒரு ஊரையே இழுத்து வைத்திருந்தார். மூலையில் ஒரு மலை. கம்பி வலை கட்டி, அதன்மேல் பிளாஸ்டர் பூசி, அவளுடைய வெட்டுத்துணியில் பச்சையாகத் தேடி எடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கிப் புல்லாக ஒட்டியிருந்தார். கஸ்டமர் துணியிலும் கொஞ்சம் நறுக்கியிருப்பார் என்று அவளுக்கு இன்றைக்கும் சந்தேகம். பொம்மை ரயில் அந்த மலையைக் குடைந்துகொண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையையும் பேச்சையும் ஒருசேர வாரிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது தலையாட்டல்தான். "சாப்பிடுறீங்களா?" என்றால் ஆமாம் என்று ஆட்டுவார். "வேணாமா?" என்றாலும் அதே ஆமாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதற்கும் ஒத்துக்கொள்ளாத மனிதர், இப்போது எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். அவளுக்கு அழுகைதான் வந்தது.

சாயங்காலம் தையலை மூட்டைகட்டி வைத்துவிட்டு, சக்கர நாற்காலியைப் பின்னறைக்குத் தள்ளிப்போய், பலகைகளுக்கு நடுவில் மலையைப் பார்த்தாற்போல் நிறுத்துவாள். கன்ட்ரோலர் குமிழைத் திருப்புவாள். சிவப்பு என்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பும். சுற்றுக்கு ஒரு தடவை அவர் சிரிப்பார். கோணல் வாய்தான், ஆனால் சத்தம் பழைய சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு அது. அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகத்தான் அவள் மீதி நாளைத் தள்ளினாள்.

ஒரு நாள் ரயில் திக்கித் திக்கி ஓடியது. மறுநாள் பாலத்தில் நின்றது. விரலால் தள்ளினால் கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. அவர் முகம் வாடிவிட்டது.

அடுத்த நாள் மதியம் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, டெய்லரம்மா மெஷின் எண்ணெயை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். ஒரு இடம் விடாமல், மலைக்குள்ளும் கை எட்டுகிற மட்டும், தண்டவாளத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சால் நீவி, பளபளவென்று ஆக்கினாள். கல்யாணப் பெண்ணை ஜோடிக்கிற அக்கறை.

சாயங்காலம் குமிழைத் திருப்பினாள். என்ஜின் மலைக்குள் வழுக்கிக்கொண்டு போனது, மறுபக்கம் தட்டுத்தடுமாறி வந்தது, ஸ்டேஷன் பக்கம் வந்து நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றியது, பிறகு செத்துப்போனது. அவர் மூக்கை உறிஞ்சினார். வாசனை பிடிபட்டதும் கண் பெரிதானது. தொண்டையிலிருந்து என்னென்னவோ சத்தம் வந்தது. இடது கையைத் தண்டவாளத்தை நோக்கி நீட்டி நீட்டி உதறினார்.

"என்னங்க, இன்னும் விடணுமா?"

தலை ஆடியது. அவள் இன்னும் விட்டாள். அவர் எண்ணெய் டப்பாவைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார்.

மறுநாள் அவள் தம்பி வந்தான். மிக்ஸி, ஃபேன் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன். எதைப் பார்த்தாலும் 'இதெல்லாம் ஒரு வேலையா' என்பான். ஒயர் ஒயராகப் பிடித்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் தண்டவாளத்தை விரலால் தொட்டு, தலையில் கைவைத்தான்.

"அக்கா, இதுல எண்ணெய் விட்டது யாரு?"

"நான்தாண்டா."

"கரண்டே தண்டவாளம் வழியா சக்கரத்துக்குப் போகுது. தூசி படிஞ்சா துடைச்சாப் போதும், நீ எண்ணெய்க் குளியல் போட்டு வச்சிருக்க. கரண்டும் ஏறாது, சக்கரமும் பிடிக்காது. மாமா இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு விட்டிருப்பாரா?"

அவருக்குத் தெரிந்திருந்தது. வாயில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார். நானோ அவர் கண் முன்னாலேயே மறுபடி ஊற்றினேனே என்று நினைத்துக்கொண்டே டெய்லரம்மா துடைக்கத் துணி தேடி ஓடினாள்.

ஸ்பிரிட்டில் துணியை நனைத்து இரண்டு பேரும் தேய்த்தார்கள். வெளித் தண்டவாளம் சுத்தமாகிவிட்டது. மலைக்குள் இருப்பதற்குத்தான் வழியில்லை. உள்ளே வளைவு, கை பாதிகூடப் போகவில்லை. குச்சியில் துணி சுற்றிவிட்டால் வளைவில் சிக்கியது. என்ஜினை விட்டால் உள்ளே போய் நின்றுகொண்டது. கை எட்டியவரை அவள் விட்ட எண்ணெய் போதாதென்று சக்கரம் வேறு உள்ளே இழுத்துப் பூசியிருந்தது.

"மலையை உடைக்கிறதைத் தவிர வேற வழி இல்லக்கா. ஒரே வார்ப்பா சுவரோட ஒட்டியிருக்கு. கழட்ட வராது."

"அவரு ஒரு வருஷம் உட்கார்ந்து கட்டினதுடா."

"அப்போ அவரையே கேளு."

அவள் நாற்காலி முன்னால் மண்டியிட்டாள். "என்னங்க, மலையை உடைக்கட்டுமா? உடைச்சாத்தான் ரயில் ஓடும்."

தலை ஆடியது.

"வேணாமா? அப்படியே இருக்கட்டுமா?"

அதே ஆட்டல். கண்ணில் நீர் நின்றது. எதற்கான நீர் என்று அவளுக்குத் தெரியவில்லை. உடைக்கணும்னா இந்த விரலைத் தொடுங்க, வேணாம்னா அந்த விரலைத் தொடுங்க என்று தன் இரண்டு விரலைக்கூட நீட்டிப் பார்த்தாள். அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் அப்படியே இருப்பது? ரயில்தான் முக்கியம், ரயில் ஓடினால் சிரிப்பார் என்று அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். அவர் நாற்காலியைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டு வந்து, "உடைடா" என்றாள். சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் கூடத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. வெட்டுத்துணிப் புல் அறையெங்கும் பறந்தது.

எல்லாம் அள்ளிப் பெருக்கித் தண்டவாளத்தைத் துடைத்தபின் அவரை அழைத்து வந்து வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். குமிழைத் திருப்பினாள். சிவப்பு என்ஜின் கிளம்பியது. பாலம் தாண்டியது, ஸ்டேஷன் தாண்டியது, வெறும் மூலையை வளைந்து வந்தது. ஒரு திக்கல் இல்லை.

அவர் கண் ரயிலோடு போனது. மூலைக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் பிடிப்பார்தான். அவள்தான் இத்தனை நாள் அதைக் கவனித்ததில்லை. ரயில் மறைந்து, இல்லாமல் போய், அந்தப் பக்கம் மூக்கை நீட்டும்போதுதான் அந்தச் சிரிப்பு வரும். இப்போது ரயில் எங்கேயும் மறையவில்லை. அவர் பிடித்த மூச்சை அப்படியே விட்டார்.

டெய்லரம்மா வேகத்தைக் கூட்டினாள். குறைத்தாள். நிறுத்திவிட்டு மறுபடி ஓட விட்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"பாத்தியாக்கா," என்றான் தம்பி, கையைத் துடைத்துக்கொண்டே. "இனிமே இது எங்கயும் நிக்காது."