கடைசி இறுக்கு

வண்டி அமெரிக்காக்காரன் செய்தது. உலகச் சண்டை முடிந்து பட்டாளம் ஏலம் விட்டபோது என் நைனா எடுத்த பிக்கப். செஞ்சிக் கோட்டைக்கு ஒரு வயசு இளையது என்று சந்தையில் கேலி பேசுவார்கள். அறுபத்தைந்தாம் வருஷம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை ஏறி ஏறி அதன் முன் அச்சு வளைந்துபோய், சக்கரம் இரண்டும் சீர் விஷயத்தில் முறைத்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன. அந்த அச்சு இனி எங்கும் கிடைக்காது. புதுச்சேரியில் உடைத்துப் போட்டிருந்த வேறொரு லாரியின் முன் அச்சும், வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் வில் பட்டைகளும் கிடைத்தன. விற்றவன் நெற்றியில் தைலம் தடவிக்கொள்கிற வரைக்கும் பேரம் பேசி வாங்கி வந்தேன்.

மாற்றிக் கொடுக்க மெக்கானிக் இருதயநாதனைப் பிடித்தேன். ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனால் அதற்குத் தனியாக ஒரு கூலி முளைக்கும் என்று, என் மண்டி வாசலிலேயே வேலையை வைத்துக்கொண்டேன். மனிதர் மூன்று நாள் மண்ணில் மல்லாந்து கிடந்தார். வேறு வண்டியின் சாமான் அல்லவா, அகலம் பொருந்தவில்லை. வில் உட்காரும் இடத்தை வெட்டித் திருத்தி, கொல்லனிடம் புதிதாக யூ போல்ட் அடித்து வாங்கி, அச்சையும் வில்லையும் சேர்த்துக் கவ்வ வைத்தார். பெரிய வியாழன் சாயங்காலம், கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

"வில்லு இப்பதான் ஒக்காருது. கடைசி இறுக்கு பாக்கி இருக்குது. மணி அடிச்சதும் வந்து இறுக்கிக் குடுக்கறேன். அதுக்கு முன்னால வண்டிய அசைக்காத," என்று டிரைவர் பாவாடையிடம் சொன்னார். அந்த நட்டுக்குப் பொருந்துகிற ஒரே ஸ்பேனரையும் துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

அவர் சொன்ன மணி எதுவென்று எனக்குத் தெரியும். வேதக்கார, அதாவது கிறிஸ்தவ ஊர்களில் மல்லாட்டை வாங்கிப் பழகியவன் நான். பெரிய வியாழன் பூசையோடு மாதா கோயில் மணி வாயை மூடிக்கொள்ளும். இடையில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். மறுபடி மணி அடிப்பது சனிக்கிழமை ராத்திரி, ஈஸ்டருக்கான பாஸ்கா பூசையில். அதுவரை இருதயநாதன் வீட்டில் இரும்பு தொட மாட்டார்கள். மாதா கோயிலே இல்லாத சிங்கவரத்துக்காரன் பாவாடைக்கு இதெல்லாம் தெரியாது.

எனக்கோ சனிக்கிழமை பகலுக்குள் விழுப்புரம் எண்ணெய் மில்லில் சரக்கு இறங்கியாக வேண்டும். தவறினால் வேறு மண்டியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இருதயநாதன் வீட்டுக்கே போனேன். சுத்தியல் வேண்டாம், ஸ்பேனர் மட்டும் போதும் என்றேன். முழுச் சுற்று வேண்டாம், அரைச் சுற்று போதும் என்றேன். நீங்கள் தொட வேண்டாம், ஸ்பேனரை என்னிடம் கொடுங்கள் என்றும் இறங்கிப் பார்த்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரம் பேசிப் படிய வெக்கறதுக்கு நான் இன்னா மல்லாட்டையா, மொதலாளி? ஆண்டவருக்கு ஆணி அடிச்ச நாளு. போங்க."

வந்துவிட்டேன். கடைசி விலை என்று சொல்கிறவனிடம் இன்னும் மூன்று படி இறக்கம் இருக்கும் என்பது எங்கள் மண்டியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கடைசி இறுக்கு என்பதையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே ஆள் வைத்து மூட்டைகளை ஏற்றினேன்.

சனிக்கிழமை விடியலில் பாவாடை சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தான். மூட்டை ஏறி நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"மணி அடிச்சிடுச்சா, மொதலாளி?"

தாலுக்கா கச்சேரியில் அப்போதுதான் ஆறு மணி அடித்து ஓய்ந்திருந்தது.

"அடிச்சிடுச்சே. காதுல விழலியா?"

"சைக்கிள்ள வந்தேன், காத்து," என்றான். மணி அடித்திருந்தால் இருதயநாதன் வந்து இறுக்கிவிட்டுப் போயிருப்பார் என்பது அவன் எண்ணம். அதற்கு மேல் கேட்கவில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

அனந்தபுரம் தாண்டி ஏரிக்கரை வளைவில் வலப்பக்க நட்டுகள் கழன்றிருக்கின்றன. அச்சு ஒரு பக்கம் பின்னால் நழுவ, வண்டி கரையிலிருந்து தலைகுப்புற இறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது மூட்டைகளைப் புரட்டிப் பாவாடையை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் காயமில்லை. மார்பைத்தான் பார்க்க முடியவில்லை.

என் பின்னாலேயே இருதயநாதன் வந்தார். பாஸ்கா பூசைக்கு இன்னும் அரை நாள் இருந்தது. கவிழ்ந்த வண்டிக்குள் கையை விட்டு, மிச்சமிருந்த நட்டைப் பிடித்தார். இரண்டே விரலில் சுழன்று வந்தது.

"யாரு எடுக்கச் சொன்னது?" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

அதற்குள் பாவாடையின் பெண்சாதி விருத்தாம்பாளை மாட்டு வண்டியில் கூட்டி வந்துவிட்டார்கள். அவள் அழுது முடிக்கும் வரை எல்லோரும் நின்றோம். பிறகு அவளும் என்னிடம்தான் வந்தாள்.

"மெக்கானிக் அண்ணன் சொல்லாம எடுக்க மாட்டேன்னு நேத்துகூட சொன்னாரே. உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டா எடுத்தாரு?"

எத்தனையோ பொய் விற்றிருக்கிறேன். சொத்தையைப் பருப்பென்றும், போன வருஷத்துச் சரக்கை இந்த வருஷத்தது என்றும். ஒவ்வொரு முறையும் எதிராளி கொஞ்சம் சந்தேகப்பட்டுத்தான் வாங்கியிருக்கிறான்.

"இல்லம்மா," என்றேன். "நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டான்."

அவள் பேரமே பேசவில்லை. அப்படியே நம்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருதயநாதன் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள்.

"நீங்க அவ்ளோ சொல்லியும் கேக்காம அவசரப்பட்டுட்டாரு, அண்ணே. மனசுல வெச்சிக்காதீங்க."

இருதயநாதன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், அவள் சொன்னதுதான் சரி என்பதுபோல. கூப்பியபடியே இருந்த அவள் கைகளைப் பார்த்துவிட்டு அவரும் ஆட்டினார்.