மூலையில் ஒரு நாற்காலி

என் ஓரகத்தி சிரித்துக்கொண்டே ஒரு பேச்சைத் தொடங்கினால், எனக்கு உடனே உள்ளுக்குள் மணி அடித்துவிடும். அன்றைக்கு மாடியிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"அக்கா, நம்ம பின்பக்கத்த ஒரு ஆள வச்சு அழகு பண்ணலாமா? உக்கார நல்ல இடம், கொஞ்சம் நிழல், நாலு செடி. சும்மாதானே கிடக்கு."

சும்மா கிடக்கிறதாம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் துணிக்கொடி அங்கேதான் தொங்குகிறது. அது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

எங்கள் வீட்டு விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கீழ்வீடு எங்களுடையது, மாடி கொழுந்தனுடையது. மாமனார் இருந்தபோதே அப்படிப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பின்பக்கத்தை மட்டும் பிரிக்கவில்லை. நீளமாக ஒரு மண்தரை, நடுவில் நெஞ்சளவு உயரத்தில் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பின்னால் ஒரு மூலை, அதையொட்டிப் பின்சந்துக்குப் போகிற தகரக் கதவு. அந்த மூலை மேல்தான் எனக்கு ஆசை. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பேன். முன்னறை முழுக்கத் துணிக்குவியல். வீட்டுக்கு வருகிறவர்கள் சோபாவில் உட்காருமுன் ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உட்காருவார்கள். அந்த மூலையில் நாலு சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டு, மிஷினைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். ஓரகத்தியிடமும்தான்.

அதனால் அவள் "நாலு செடி" என்றதும் எனக்குச் செடி தெரியவில்லை, எல்லைக்கோடுதான் தெரிந்தது. இன்றைக்குப் பூந்தொட்டி வைப்பாள், நாளைக்கு அதற்கு அந்தப் பக்கம் தன்னுடையது என்பாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு மரச்சாமான் கிடங்கில் கணக்கு பார்க்கிறவர். யாரோடும் மல்லுக்கு நிற்காத பிறவி.

"செய்யட்டுமே" என்றார்.

"மூலைய அமுக்கிடுவா."

"நாலு செடி வைக்கிறதுல என்ன அமுக்குறது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். கொஞ்ச நாளாக அவர் முகம் வாடித்தான் இருந்தது. கிடங்கில் வேலை அதிகம் என்றார், நானும் நம்பிவிட்டேன். சந்தேகம் முழுவதையும் நான் மாடிக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வடிவமைப்பாளர் வந்தாள். வெயிலுக்கு அகலமான தொப்பி, இடுப்பில் அளவு நாடா. நான் மனதுக்குள் அவளுக்குத் தொப்பிக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். வந்தவள் எதையும் அளக்கவில்லை. கையோடு கொண்டுவந்த ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"நிறைய வீட்டுல வெளியில பெஞ்ச் போடுவாங்க, பந்தல் போடுவாங்க, ஒருத்தரும் போய் உக்கார மாட்டாங்க. ஏன்னா பாக்க எங்க அழகா இருக்கோ அங்க போட்டிருப்பாங்க. மனுஷன் எங்க உக்காருவான்னு யாரும் பாக்குறதில்ல. இந்த நாற்காலிங்க ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும். யாருக்கு எங்க உக்காரத் தோணுதோ அங்க இழுத்துப் போட்டு உக்காருங்க. எழுந்ததும் திரும்ப ஒழுங்கு பண்ணாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். நாற்காலி எங்க இருக்கோ அங்கதான் இருக்கை, அங்கதான் நிழல்."

கொழுந்தன் கைதட்டாத குறை. எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. யார் நாற்காலி எங்கே நிற்கிறதோ அந்த இடம் அவருக்கு. எவ்வளவு நாசூக்கான வழி.

முதல் நாள் ஞாயிறு, ஒன்றும் நடக்கவில்லை. கொழுந்தன் ஒரு நாற்காலியைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போட்டுப் போனில் பேசினார். நான் ஒன்றைக் கொடிக்குக் கீழே போட்டு அதன்மேல் துணிக்கூடையை வைத்தேன். அதுவும் உட்காருவதில் சேர்த்திதான்.

மறுநாள் சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது தொட்டிக்குப் பின்னால் மூலையில் ஒரு நாற்காலி நின்றது. சுவரைப் பார்த்தபடி நின்றது. உட்காருகிறவள் தோட்டத்தைப் பார்த்து உட்காருவாளா, சுவரைப் பார்த்து உட்காருவாளா? உட்கார்ந்தமாதிரி காட்டுவதற்காகப் போட்ட நாற்காலி அது. யார் வேலை என்று கேட்க எனக்கு ஆள் தேவைப்படவில்லை. இழுத்துவந்து மற்ற நாற்காலிகளோடு வைத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் மறுபடி மூலையில். மறுபடி இழுத்தேன்.

அதற்கடுத்த நாள், இழுத்து வைத்த இடத்தில் அதன் நாலு காலைச் சுற்றியும் தையல் சுண்ணக்கட்டியை நொறுக்கி, அந்தப் பொடியால் வட்டம் போட்டேன். மறுநாள் காலையில் துணி காயப்போட வந்தபோது நாற்காலி வட்டத்துக்குள் சாதுவாக நின்றது. சாயங்காலம் வந்தபோது வட்டம் மட்டும் இருந்தது. ஆக, நான் உள்ளே மிஷினில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் காரியம் நடக்கிறது. என் மிஷின் சத்தம் அவளுக்குக் காவல்.

மாடிப்படியில் அவளைப் பார்த்தபோது சாடை பேசினேன். "சில நாற்காலிக்கெல்லாம் கால் முளைச்சிடுச்சு போல."

"அப்படியா அக்கா" என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கைகாரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த நாற்காலியை வீட்டுக்குள்ளேயே தூக்கி வந்து, சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கைப்பையோடு வந்தார். நான் சாமான் அறையைப் பூட்டுவதைப் பார்த்தார். நாற்காலியின் கால் கதவிடுக்கில் தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்காமல் பையை ஆணியில் மாட்டினார். எனக்குத் துணையாக இவர் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று எரிச்சல் வந்தது.

சனிக்கிழமை மிஷினில் உட்கார்ந்தேன், தைக்கவில்லை. துணியே வைக்காமல் கொஞ்ச நேரம் மிதித்தேன், சத்தம் மாடிக்குக் கேட்கட்டும் என்று. அப்புறம் நிறுத்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறை வழியாகப் பின்பக்கம் போனேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடலாம்.

கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் நின்றேன். அவள் இறங்கி வந்தாள். கையில் அவள் வீட்டு மடக்கு நாற்காலி. நேராகத் தொட்டிக்குப் பின்னால் போனாள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அப்போது அவள் பேச்சு கேட்டது.

"மாமா, இன்னைக்கு அந்த நாற்காலியக் காணோம். இதுல உக்காருங்க."

மாமா என்று அவள் கூப்பிடுகிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான். அவர் காலையிலேயே என் கையால் சாப்பாடு வாங்கிக்கொண்டு கிடங்குக்குப் போனவர்.

ஒரு நொடி என் புத்தி எங்கெங்கோ போனது. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதற்குள் அவள் திரும்பிப் படியேறிப் போய்விட்டாள். போர்வையை விலக்கிப் பார்த்தேன். தொட்டியின் ஓரத்தில் அவருடைய முதுகு தெரிந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார். கைப்பை மடியில். தலையில் கைக்குட்டை, வெயிலுக்கு. மெதுவாக எழுந்து மடக்கு நாற்காலியை விரித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவரைக் கூப்பிடாமல் மாடிக்குப் போனேன்.

ஓரகத்தி கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். உள்ளே வரச்சொல்லி வழிவிட்டாள்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சு போன மாசத்துலேர்ந்து. என் ஜன்னலத் திறந்தா அந்த மூலைதான் தெரியும். சந்துக் கதவு வழியா வருவார். முதல்ல தரையில பேப்பர் விரிச்சு உக்காந்திருந்தார். சாயங்காலம் அதே வழியா வெளிய போய்ச் சுத்தி வந்து உங்க வாசல்ல ஏறுவார்."

"வேலை போயிடுச்சா?"

"நான் கேக்கல அக்கா. கேட்டா அங்கேருந்தும் எழுந்து போயிடுவார். அப்புறம் எங்க போய் உக்காருவாரோ."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அந்த மூலையில பொட்டு நிழல் இல்ல. வெயில் நேரா தலையில இறங்குது. அங்க ஒரு பந்தல் போடணும்னா எல்லார்கிட்டயும் ஒரு காரணம் சொல்லணும்ல. அதுக்குத்தான் தோட்டம், செடின்னு ஆரம்பிச்சேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் புருஷனின் துக்கம் எனக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன கேட்டிருப்பீங்க?"

பதில் எனக்குத் தெரியும். என் புருஷனை நீ ஏன் ஜன்னல் வழியாப் பார்க்கிறாய் என்று கேட்டிருப்பேன். தெருவுக்கே கேட்கும்படி கேட்டிருப்பேன். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. வேறொன்றைச் சொன்னாள்.

"நாற்காலிய நீங்க எடுக்க எடுக்க நான் கொண்டுபோய்ப் போட்டேன். மாமா ஒரே ஒரு தடவைதான் வாயத் திறந்தார். 'அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிடுச்சும்மா. கோபம். அதான் நாற்காலிய எடுத்துடுறா. நீ போடாத'ன்னார்."

படியில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று அவர் கண் முன்னால் அதை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். வேலை இல்லாதவனுக்கு உட்கார இடம் கிடையாது என்று நான் சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். ஒன்றும் பேசாமல் பையை மாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

அன்று ராத்திரி அவர் எதிரில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. என் வாயை எனக்குத் தெரியும், திறந்தால் முதலில் திட்டுதான் வெளியே வரும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார். பேசாமலே படுத்துவிட்டோம்.

விடிந்ததும் சாமான் அறையைத் திறந்து நாற்காலியைக் கொண்டுபோய் மூலையில் போட்டேன். சுவரைப் பார்த்தே போட்டேன்.

தொப்பிக்காரி வந்தாள். நாங்கள் நாலு பேரும் வரிசையாக நின்றோம். படிக்கட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்து அங்கே ஒரு திட்டு கட்டலாம் என்றாள். கொடியை நகர்த்தவே வேண்டாம், பக்கத்தில் கூடை வைக்க ஒரு பலகை போதும் என்றாள். சரளைக்கல் பரப்பி ஒரு நடைபாதை, சுவரில் பூங்கொடி ஏற்றக் கம்பி என்று சொல்லிக்கொண்டே தொட்டியைச் சுற்றிப் போனவள் நின்றாள்.

"இங்க யாரு உக்காருறது?"

கொழுந்தன் சிரித்தார். "அங்க யாரும் உக்கார மாட்டாங்க. அது அண்ணியோட தையல் ரூம் வரப்போற இடம்."

என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பார்த்தார். அது திரும்ப வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தார். தலை குனிந்துகொண்டது.

"நான்தான்" என்றேன்.

"சுவரப் பாத்தா?"

"ஆமா. வேற எதப் பாத்தாலும் எனக்குச் சந்தேகம் வந்துடுது."

கொழுந்தன் மறுபடி சிரித்தார், ஓரகத்தி சிரிக்கவில்லை. தொப்பிக்காரி நாடாவை இழுத்தாள். "எந்த நேரத்துல உக்காருவீங்க? அந்த நேரம் வெயில் எந்தப் பக்கம்னு பாத்துத்தான் நிழல் போடணும்."

"மத்தியானம்" என்றேன்.

"மத்தியானம் உங்க மிஷின் சத்தம் மாடி வரைக்கும் கேக்குமே அண்ணி" என்றார் கொழுந்தன்.

எனக்கு அடுத்த பொய் வரவில்லை. தொப்பிக்காரி நாடாவைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"அவ இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "நான்தான் உக்காருறேன்."

"எந்த நேரம் சார்?"

"காலையில வருவேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்."

"ஞாயித்துக்கிழமையிலயா?" என்றார் கொழுந்தன்.

"இல்ல. வேலை நாள்ல."

கொழுந்தன் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார். ஓரகத்தி அவர் முழங்கையைப் பிடித்தாள். தொப்பிக்காரிக்கு ஒன்றும் தெரியாது, அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டாள்.

"நாள் பூரான்னா ஒரு பக்கத் தட்டி பத்தாது. மேல முழுசா மூடணும். அப்புறம் இங்க வேற எதுவும் கட்ட முடியாது, பரவாயில்லையா?"

அவர் என் பக்கம் திரும்பினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராகப் பார்த்தார். "உன் தையல் ரூம் அங்கதான் வரணும்னு சொன்ன."

"அத இப்ப யாரு கேட்டா" என்றேன். "நான் கோபத்துல இருக்கேன்னு நினைச்சீங்களாமே. எனக்குத் தெரியவே தெரியாதுங்க. அவ மூலைய எடுத்துக்குறாள்னு நினைச்சுத்தான் நாற்காலிய இழுத்தேன்."

தொப்பிக்காரி நாடாவின் நுனியை நீட்டினாள். அவர் போய் அதை வாங்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார்.